கால்குலேட்டரைத் தொடுமுன்: புள்ளியியல், நிகழ்தகவு, கணக்கியல் வீட்டுப்பாடம் செய்யும் முறை

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பகுதிநேரப் பட்டயப் படிப்பிலோ வணிகம் சார்ந்த எதை எடுத்தாலும் இந்த மூன்று பாடங்களில் ஒன்றாவது வந்து நிற்கும். புதிதாகச் சேருபவர்கள் பயப்படுவது சூத்திரங்களுக்கு. மதிப்பெண் போவதோ பெரும்பாலும் வேறிடத்தில். கேள்வியில் இருக்கும் ஒரே ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டால், அதன்பிறகு போடும் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடை தவறுதான். அதனால் இந்த வழிகாட்டியில் சூத்திரங்களைவிடக் கேள்வியைப் படிக்கும் விதத்துக்கே கூடுதல் இடம்.

முதல் வேலை: கேள்வியைக் காகிதத்தில் இறக்குவது

கேள்வியை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, கொடுத்திருக்கும் எண்களை அலகோடு எழுதுங்கள். வெறும் 6 என்று எழுதாமல் ‘மணிக்கு 6 பேர்’ என்று எழுதுங்கள். அடுத்த வரியில் கேட்டிருப்பது என்ன என்பதை உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். மூன்றாவது வரியில் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று ஒரு ஊகம். இந்த ஊகத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிகழ்தகவு 1.3 என்று வந்தாலும், மளிகைக் கடையின் மாத மின்கட்டணம் 40,000 வெள்ளி என்று வந்தாலும் கண் உறுத்தாமல் போவது அதனால்தான்.

கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும், யோசிப்பது தமிழில் நடக்கும். இங்கே ஒரு குழி உண்டு. ‘அட்லீஸ்ட் 3’ என்பதைத் தமிழில் ‘குறைந்தது 3’ என்கிறோம். அது 3, 4, 5 என்று மேலே போகிறது. ‘ஃபியூவர் தேன் 3’ என்பது ‘3க்குக் குறைவாக’. அது 0, 1, 2. குறைந்தது, குறைவு என்ற இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வருவதால் அவசரத்தில் ஒன்று மற்றொன்றாகிவிடும். ‘மோர் தேன் 3’ என்றால் 4இலிருந்து தொடங்கும், ‘அட் மோஸ்ட் 3’ என்றால் 3ஐயும் சேர்த்துக் கீழே போகும். சொல்லை மொழிபெயர்த்து வைப்பதோடு நிற்காமல், சேரும் எண்களை வரிசையாக எழுதிவிடுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

நிகழ்தகவு: வரிசை முக்கியமா, நிபந்தனை உண்டா

எண்ணும் கணக்குகளில் முதல் கேள்வி, வரிசை மாறினால் அது வேறு விளைவா என்பதே. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க இரண்டு குலுக்கல்கள் போதும். நாலு நம்பரில் 1234 வேறு, 4321 வேறு. டோட்டோவில் 49 எண்களிலிருந்து 6 எண்கள். எந்த எண் முதலில் விழுந்தது என்பது பொருட்டே இல்லை. முன்னது வரிசைமாற்றம், பின்னது சேர்மானம்.

நான்கு இலக்கமும் வேறுவேறாக இருந்தால் அவற்றை 24 விதமாக அடுக்கலாம் (4 × 3 × 2 × 1). 1123 போல ஓர் இலக்கம் இருமுறை வந்தால் 24ஐ 2ஆல் வகுத்து 12. 1122 என்றால் இருமுறை 2ஆல் வகுத்து 6. 1112 என்றால் 24 ÷ 6, அதாவது 4. ஒரே மாதிரியான எழுத்துகளோ இலக்கங்களோ இருக்கும்போது வகுக்க மறப்பது மிகப் பொதுவான தவறு.

டோட்டோவில் ஆறும் பொருந்தும் வாய்ப்பு 1,39,83,816இல் ஒன்று. கூடுதல் எண்ணைக் கணக்கில் எடுக்காமல், ஆறில் சரியாக மூன்று பொருந்தும் வாய்ப்பைக் கேட்டால் இப்படிப் போங்கள்: வென்ற 6இலிருந்து 3ஐத் தேர்ந்தெடுக்க 20 வழி, மீதி 43இலிருந்து 3ஐத் தேர்ந்தெடுக்க 12,341 வழி, பெருக்கினால் 2,46,820. இதை மொத்தத்தால் வகுத்தால் 0.01765, ஏறக்குறைய 57இல் ஒன்று. இங்கே மாணவர்கள் விடுவது இரண்டாவது பகுதியை. பொருந்தாத மூன்றும் எங்கிருந்தோ வரவேண்டுமல்லவா? (சென்ற வாரம் விழுந்த எண் இந்த வாரம் விழாது என்று குலுக்கல் கடை வரிசையில் கேட்கும் பேச்சை மட்டும் வீட்டுப்பாடத்துக்குள் கொண்டு வராதீர்கள். குலுக்கல்கள் ஒன்றையொன்று சாராதவை.)

சாரா நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. விலக்குபவை சேர்ந்து நடக்கவே முடியாது. ஒன்று நடந்தது தெரிந்தாலே மற்றது நடக்கவில்லை என்று தெரிந்துவிடுகிறதே, பிறகு எப்படிச் சாராதவையாகும்? பெருக்குவதற்கு முன்பு சாராமை இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே கூட்டுவதற்கு முன்பு விலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிபந்தனை நிகழ்தகவில் ‘கிவன் தட்’ என்ற சொல் வந்ததும் வகுக்கும் எண் மாறுகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட 1000 பொருள்களை வைத்து அட்டவணை போடுவது நல்லது. ஒரு கணக்கைப் பார்ப்போம். துவாஸில் ஒரு தொழிற்சாலையில் 2 விழுக்காடு சர்க்யூட் போர்டுகள் பழுதானவை. சோதனை இயந்திரம் பழுதானவற்றில் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது. நல்லவற்றிலும் 5 விழுக்காட்டைப் பழுது என்று தவறாகச் சொல்கிறது. இயந்திரம் பழுது என்று ஒதுக்கிய போர்டு உண்மையிலேயே பழுதாக இருக்கும் வாய்ப்பு என்ன?

1000 போர்டுகளில் பழுதானவை 20, அவற்றில் பிடிபடுவது 18. நல்லவை 980, அவற்றில் தவறாக ஒதுக்கப்படுவது 49. ஒதுக்கப்பட்டவை மொத்தம் 67. விடை 18 ÷ 67, அதாவது சுமார் 0.269. பெரும்பாலோர் முதலில் ஊகிப்பது 0.9. பழுதானவை பிடிபடும் வாய்ப்பும், பிடிபட்டவை பழுதாக இருக்கும் வாய்ப்பும் வேறு என்பதை 18க்குக் கீழே எந்த எண் நிற்கிறது என்பதே காட்டிவிடுகிறது. முன்னதில் 20, பின்னதில் 67. இப்படி நிபந்தனையைத் திருப்பிப் போடும் பேயீசு தேற்றத்தைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் சூத்திரத்தில் எழுதிக் கொடுங்கள், ஆனால் அட்டவணையால் சரிபாருங்கள்.

ஈருறுப்புப் பரவலில் (பல முயற்சிகளில் எத்தனை வெற்றி என்று எண்ணுவது) கால்குலேட்டர் கூட்டி வைத்துத் தருவது ‘இந்த எண் வரை’ என்ற நிகழ்தகவை. பத்து முயற்சி, ஒவ்வொன்றிலும் வெற்றி வாய்ப்பு 0.2 என்றால், குறைந்தது 3 வெற்றிக்கு 2 வரையிலான 0.6778ஐ 1இலிருந்து கழிக்கவேண்டும், 0.3222 வரும். 3 வரையிலான 0.8791ஐக் கழித்தவர்களுக்கு 0.1209 வரும். அது நான்கும் அதற்கு மேலும் கிடைக்கும் வாய்ப்பு. சேரும் எண்களை வரிசையாக எழுதச் சொன்னது இதற்குத்தான்.

பாய்சான் பரவலில் (ஒரு கால அளவில் எத்தனை நிகழ்ச்சி என்று எண்ணுவது) ஏமாற்றுவது நேர அளவு. உணவங்காடிக் கடை ஒன்றுக்கு மணிக்கு சராசரியாக 6 பேர் வருகிறார்கள், 10 நிமிடத்தில் குறைந்தது 2 பேர் வரும் வாய்ப்பு என்ன என்றால், முதலில் சராசரியை 1 ஆக்குங்கள். யாரும் வராமலிருக்கும் வாய்ப்பும் ஒருவர் மட்டும் வரும் வாய்ப்பும் 0.3679 வீதம். விடை 0.2642.

புள்ளியியல்: எதனுடைய திட்ட விலக்கம்?

ரயிலுக்குக் காத்திருந்த ஐந்து நாள் நிமிடங்கள் 3, 5, 4, 6, 2. சராசரி 4. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. அதை 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.414, 4ஆல் வகுத்தால் 1.581. இந்த ஐந்து நாள்தான் உங்கள் முழுமைத் தொகுதி என்றால் முதல் விடை. பல நாள்களிலிருந்து எடுத்த மாதிரி என்றால், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுத்த இரண்டாவது விடை. மாதிரியின் சராசரியிலிருந்தே விலக்கங்களை அளப்பதால் அவை உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். ஒன்றைக் குறைப்பது அதை ஈடுகட்ட. கால்குலேட்டரில் சிக்மா குறியுள்ளது முன்னது, எஸ் எழுத்துள்ளது பின்னது. எக்செல்லில் எஸ்டிடெவ்.பி, எஸ்டிடெவ்.எஸ் என்று இரண்டு இருப்பதும் இதனால்தான். போன கணக்கின் தரவுகளைக் கால்குலேட்டர் நினைவிலிருந்து அழித்தீர்களா என்றும் பாருங்கள். எண்ணிக்கை 5 காட்டவேண்டிய இடத்தில் 12 காட்டினால் பழைய தரவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இயல்நிலைப் பரவலைக் குறிப்பிடும்போது அடைப்புக்குள் 12, 9 என்று கொடுத்திருந்தால் 12 என்பது சராசரி, 9 என்பது விலக்க வர்க்கச் சராசரி. திட்ட விலக்கம் 3. அடுத்த தவறு இன்னும் விலை கூடியது. இதே பரவலில் ஒரு பேருந்துக்கான காத்திருப்பு 15 நிமிடத்தைத் தாண்டும் வாய்ப்பு கேட்டால் இசட் மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி என்பது) 1, விடை 0.1587. ஆனால் 36 காத்திருப்புகளின் சராசரி 13ஐத் தாண்டும் வாய்ப்பு கேட்டால் திட்ட விலக்கத்தை 6ஆல், அதாவது 36இன் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். 0.5 வரும், இசட் 2, விடை 0.0228. கேள்வி ஒருவரைப் பற்றியதா, பலரின் சராசரியைப் பற்றியதா என்பதை விளிம்பில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

கருதுகோள் சோதனைக்கு ஓர் உதாரணம். 5 கிலோ என்று அச்சிட்ட அரிசிப் பைகளில் 36ஐ நிறுத்துப் பார்த்ததில் சராசரி 4.94 கிலோ, திட்ட விலக்கம் 0.15. எடை குறைவாக இருக்கிறதா என்று 1 விழுக்காட்டு முக்கியத்துவ மட்டத்தில் சோதிக்க வேண்டும். இன்மைக் கருதுகோள் சராசரி 5 என்பது. மாற்றுக் கருதுகோள் 5க்குக் குறைவு என்பது. 36 பெரிய மாதிரி என்பதால் இசட் போதும்: −0.06ஐ 0.025ஆல் வகுத்தால் −2.4. பி மதிப்பு, அதாவது இன்மைக் கருதுகோள் உண்மையானால் இவ்வளவு குறைந்த சராசரி வரும் வாய்ப்பு, 0.0082. இது 0.01ஐவிடச் சிறியது, இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம்.

இதே தரவுக்குக் கேள்வி ‘எடை 5 கிலோவிலிருந்து மாறுபடுகிறதா’ என்று கேட்டிருந்தால் சோதனை இருமுனை. பி மதிப்பு இரட்டித்து 0.0164 ஆகும், 1 விழுக்காட்டில் நிராகரிக்க முடியாது. தரவு அதே, கணக்கு அதே; ஒரு சொல் முடிவைத் தலைகீழாக்குகிறது. மாதிரி குறைவாக வந்ததைப் பார்த்துவிட்டு ஒருமுனைச் சோதனையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கேள்வியின் சொல்லை வைத்தே தேர்ந்தெடுக்கவேண்டும்.

முடிவு வாக்கியத்துக்கும் மதிப்பெண் உண்டு. நிராகரிக்க முடியாதபோது ‘சராசரி 5 என்று நிரூபணமாயிற்று’ என்று எழுதாதீர்கள். ‘மாறுபடுகிறது என்று சொல்ல 1 விழுக்காட்டு மட்டத்தில் போதிய சான்று இல்லை’ என்று எழுதுங்கள், பைகள், கிலோ என்று கேள்வியின் பொருளோடு சேர்த்து.

கணக்கியல்: ‘வரவு’ என்ற சொல் செய்யும் குழப்பம்

தமிழ் பேசும் மாணவர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கல் இது. டெபிட்டைப் பற்று என்றும் கிரெடிட்டை வரவு என்றும் தமிழ்ப் பாடநூல்கள் சொல்லும். வீட்டில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். ஆனால் கடைக்குப் பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் எழுதுவது பற்றுப் பக்கத்தில்! போதாக்குறைக்கு வங்கி அறிக்கையில் நீங்கள் போட்ட பணம் கிரெடிட் என்றே காட்டப்படும். அது வங்கியின் ஏட்டிலிருந்து எடுத்த படி. உங்கள் பணம் வங்கிக்குக் கடன். உங்கள் ஏட்டில் அதே பணம் சொத்து, ஆகவே டெபிட். இந்தக் குழப்பம் தீரும்வரை டெபிட்டை ‘இடப்பக்கம்’ என்றும் கிரெடிட்டை ‘வலப்பக்கம்’ என்றும் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். நல்லது கெட்டது, வந்தது போனது என்ற அர்த்தம் எதையும் ஏற்றாதீர்கள்.

சொத்து, செலவு, உரிமையாளர் எடுப்பு மூன்றும் கூடினால் இடப்பக்கம். கடன், மூலதனம், வருமானம் மூன்றும் கூடினால் வலப்பக்கம். குறைந்தால் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எந்த இரண்டு கணக்கு, அவை என்ன வகை, கூடியதா குறைந்ததா என்று கேட்டபின்பே பக்கத்தை முடிவு செய்யுங்கள். சிராங்கூன் சாலை மளிகைக் கடை ஒன்று 800 வெள்ளிக்கு அரிசியைக் கடனுக்கு வாங்கினால் கொள்முதல் இடப்பக்கம் 800, மொத்த வியாபாரி வலப்பக்கம் 800. ரொக்கத்தைத் தொடவே கூடாது. கடைக்காரர் 50 வெள்ளிச் சாமானை வீட்டுக்கு எடுத்துப் போனால் எடுப்பு இடப்பக்கம், கொள்முதல் வலப்பக்கம். பணம் கைமாறவில்லையே என்று இதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. 2023இல் 8, அதற்கு முன்பு 7. பழைய பயிற்சித் தாள்களில் 7 இருந்தால் கேள்வி சொல்லும் விகிதத்தையே போடுங்கள். வரிக்குப் பதிவு செய்த கடை, வரியையும் சேர்த்து 1,090 வெள்ளிக்கு விற்றால் வரி எவ்வளவு? 1,090இல் 9 விழுக்காடு என்று 98.10 போடுவது தவறு. 109 பங்கில் 9 பங்கு, அதாவது 90. ரொக்கம் இடப்பக்கம் 1,090. விற்பனை வலப்பக்கம் 1,000. செலுத்தவேண்டிய வரி வலப்பக்கம் 90. அந்த 90 கடையின் வருமானம் அல்ல, அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன். பதிவு செய்யாத கடை என்று கேள்வி சொன்னால் வரி வசூலிக்கவே முடியாது. கொள்முதலில் கட்டிய வரியும் சாமான் விலையோடு சேர்ந்துவிடும்.

சம்பளப் பதிவில் மத்திய சேம நிதி (முதலாளியும் ஊழியரும் கட்டும் கட்டாயச் சேமிப்பு) வரும். ஊழியருக்கு 55 வயது அல்லது அதற்குக் கீழே, முழு விகிதம் என்றால் முதலாளி 17 விழுக்காடு, ஊழியர் 20 விழுக்காடு. சம்பளம் 3,000 வெள்ளி என்றால் சம்பளச் செலவு இடப்பக்கம் 3,000, முதலாளியின் நிதிச் செலவு இடப்பக்கம் 510. வங்கி வலப்பக்கம் 2,400, செலுத்தவேண்டிய நிதி வலப்பக்கம் 1,110. ஊழியர் பங்கான 600ஐத் தனிச் செலவாக மறுபடியும் எழுதாதீர்கள். அது 3,000க்குள்ளேயே இருக்கிறது. மாதச் சம்பள உச்சவரம்பு 2025இல் 7,400 வெள்ளி, 2026 ஜனவரி முதல் 8,000. 9,000 வெள்ளிச் சம்பளக்காரருக்கு 2026இல் முதலாளி பங்கு 8,000க்கு மட்டும், 1,360. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு இந்தச் சேம நிதிப் பதிவே கிடையாது.

ஆண்டிறுதிச் சரிக்கட்டுப் பதிவுகளில் ரொக்கமும் வங்கியும் வராது. வந்தால் எங்கோ தடம் மாறியிருக்கிறீர்கள். அக்டோபர் 1ஆம் தேதி 12 மாத வாடகை 12,000 கட்டி, ஆண்டு டிசம்பர் 31இல் முடிந்தால் இந்த ஆண்டுச் செலவு 3,000, முன்கூட்டிக் கட்டிய வாடகை 9,000 சொத்து. மாதங்களை விரல்விட்டு எண்ணுங்கள். அக்டோபரை விட்டுவிட்டு இரண்டு மாதம் என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

தேய்மானத்திலும் மாதம்தான் கவிழ்க்கும். 40,000 வெள்ளி வேன், இறுதி மதிப்பு 4,000, ஆயுள் 6 ஆண்டு. நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 6,000. ஏப்ரல் 1இல் வாங்கி, மாதக் கணக்குப்படி என்று கேள்வி சொன்னால் முதலாண்டில் 9 மாதத்துக்கு 4,500. குறைந்துசெல் இருப்பு முறையில் 20 விழுக்காடு என்றால் இறுதி மதிப்பைக் கழிக்காமல் முழு 40,000இலிருந்து தொடங்குங்கள்: முதலாண்டு 8,000, இரண்டாம் ஆண்டு 32,000இல் 6,400. சாலை வரியும் காப்புறுதியும் வேனின் விலையில் சேராது. அவை அந்தந்த ஆண்டின் செலவு.

சரக்கிருப்புக்கு 100 மூட்டை தலா 2 வெள்ளிக்கும் பிறகு 100 மூட்டை தலா 2.40க்கும் வாங்கி 150 விற்றால், முதலில் வந்தது முதலில் போகும் முறையில் விற்றவற்றின் அடக்கம் 320, மீதி 120. எடையிட்ட சராசரியில் 330, 110. இரண்டிலும் கூட்டுத்தொகை 440 வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் வந்தது முதலில் போகும் முறை அமெரிக்கப் பாடநூல்களில் இருக்கும். சிங்கப்பூர்த் தரநிலைகள் அதை அனுமதிப்பதில்லை.

இருப்பாய்வு பொருந்தாவிட்டால்

இருப்பாய்வு என்பது எல்லாக் கணக்குகளின் இருப்பையும் இடம், வலம் என்று பட்டியலிட்டுக் கூட்டிப் பார்க்கும் டிரையல் பேலன்ஸ். முதலில் இரு பக்கத்தையும் மறுபடி கூட்டுங்கள். அப்புறம் வித்தியாசத்தைப் பாருங்கள். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஒரு பூச்சியம் விட்டுப்போனாலும் 9ஆல் வகுபடும். 500ஐ 50 என்று எழுதினால் 450. 9ஆல் வகுபடவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடுங்கள். 310 வந்தால் 155 என்ற தொகை எங்கேயாவது தவறான பக்கத்தில் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் வித்தியாசத் தொகையையே பேரேட்டில் தேடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பதிந்திருப்பீர்கள்.

இருப்பாய்வு பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். முழுக்க விட்டுப்போன நடவடிக்கை, இரு பக்கமும் தலைகீழாக எழுதியது, வேன் வாங்கியதைப் பழுதுபார்ப்புச் செலவில் போட்டது, இவை எதையும் அது காட்டாது. அதற்குக் கேள்வியில் உள்ள ஆதாரச் சீட்டுகளை உங்கள் பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் போட்டுக்கொண்டே வரவேண்டும். எந்தச் சீட்டில் டிக் விழவில்லையோ அங்கேதான் தேடவேண்டும்.